கல்யாண ஆல்பத்தைக் கையில் கொடுத்தனுப்பாதீர்கள்

வக்கீலம்மாவுக்கு வணக்கம். சோழவந்தான் பக்கம் எங்கள் ஊர். 2011-ல் என் அண்ணனை ஊர் முக்கில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். தேங்காய் வியாபாரம் பார்த்தவர். மாமூல் கேட்டவர்களிடம் தர மாட்டேன் என்று சொன்னதுதான் காரணம். நான் நேரில் பார்த்த சாட்சி. ஐந்து பேர் மேல் வழக்கு. நாலு பேருக்கு ஆயுள் தண்டனை, ஹைகோர்ட்டிலும் உறுதியாகிவிட்டது. ஒருவன் இன்னும் சிக்கவில்லை. அந்தக் கூட்டத்தின் தலைவனைப் பற்றி இப்போது ஓடிடிக்காக ஒரு ஆவணத் தொடர் எடுக்கிறார்கள். அவனைப் பிடித்து, இப்போது ஓய்வு பெற்றுவிட்ட போலீஸ் அதிகாரிதான் கதையைச் சொல்கிறாராம். எங்களையும் பேசச் சொல்லி இரண்டு முறை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இங்கிலீஷில் நாலு பக்கப் பத்திரம் ஒன்றில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அண்ணனின் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்தால் இரண்டு நாளில் திருப்பித் தருகிறோம் என்கிறார்கள். 'செத்தவனை மறுபடியும் வெட்ட விடாதீங்க' என்கிறார் அம்மா. அண்ணி எதுவும் சொல்வதில்லை. அண்ணன் இறந்தபோது மூன்று வயதாக இருந்த மகளுக்கு இப்போது பதினேழு, ப்ளஸ் டூ படிக்கிறாள். ராத்திரியெல்லாம் போனில் இந்த மாதிரித் தொடர்களைத்தான் பார்க்கிறாள். 'அப்பாவப் பத்தி நான் பேசுறேன் அத்தை' என்கிறாள். நாங்கள் பேசலாமா? வேண்டாம் என்றால் தொடரை நிறுத்த முடியுமா? பேசினால் ஆபத்து வருமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

'ஒருவன் இன்னும் சிக்கவில்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். என் கண் அங்கேயே நின்றுவிட்டது. கடிதத்தின் மற்றக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அந்த ஒருவனைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

உங்களைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. நாலு பேருக்குத் தண்டனை, மேல்முறையீடும் தீர்ந்தது. ஆனால் எதிரிகளில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில், ஒருவன் தலைமறைவாக இருந்தால், அவன் மீதான வழக்கைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டுத்தான் மற்றவர்களை விசாரிப்பார்கள். கோர்ட்டில் இதை 'ஸ்ப்ளிட் அப்' என்போம். அவன் பேரில் பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கும். நாளைக்கே அவன் திருப்பூரிலோ கேரளாவிலோ சிக்கினால் அவனுக்கு விசாரணை முதலிலிருந்து தொடங்கும். மற்ற நாலு பேருக்கு எதிராக நீங்கள் சொன்ன சாட்சியத்தைப் பொதுவாக அப்படியே எடுத்து அவன் மேல் வைத்துவிட முடியாது. உங்களைக் குறுக்கு விசாரணை செய்கிற உரிமை அவனுக்கும் உண்டு. ஆக நீங்கள் மறுபடியும் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். அன்றைக்கு அவன் வக்கீல் கையில் இந்தத் தொடர் இருக்கும்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால், இறந்தவர் குடும்பத்துக்காக அரசு வக்கீலுக்குத் துணையாக ஒரு கொலை வழக்கில் இருந்தேன். முக்கியச் சாட்சி இறந்தவரின் தம்பி. சம்பவம் நடந்த மறுநாள், பிணவறை வாசலில் ஒரு டிவிக்காரர் மைக்கை நீட்டியிருக்கிறார். இவரும் அழுதுகொண்டே, 'இருட்டா இருந்துச்சு, ஒண்ணும் சரியாத் தெரியல, ஆனா அவங்கதான்' என்று சொல்லியிருக்கிறார். இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் நின்று, 'தெருவிளக்கு வெளிச்சத்தில் தெளிவாகப் பார்த்தேன்' என்றார். இரண்டுமே நிஜம். அண்ணன் விழுந்து கிடந்த இடம் இருட்டு, வெட்டியவர்கள் ஓடிவந்த இடத்தில் விளக்கு. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முறையாகத் தாக்கல் செய்திருந்த அந்த வீடியோவை லேப்டாப்பில் ஓடவிட்டபோது அவர் திகைத்துவிட்டார். தன் அழுகையைத் தானே கேட்டுக்கொண்டு, வேட்டி மடிப்பைப் பிடித்த கையை எடுக்காமல் நின்றார். 'இதில் பேசுவது நீங்கள்தானே?' என்ற கேள்விக்கு மூன்றாவது தடவைதான் 'ஆமாங்க' என்று பதில் வந்தது. இருட்டும் விளக்கும் எந்தெந்த இடத்தில் இருந்தன என்று விளக்க அவருக்கு வார்த்தை வரவில்லை. ஒருவன் சந்தேகத்தின் பலனில் வெளியே போனான்.

ஒரு சாட்சி முன்னால் சொன்னதைக் காட்டி, இப்போது சொல்வதோடு முரண்படுகிறது என்று நிறுவலாம். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 145-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 148. பதினாலு வருஷம் கழித்து, விளக்கு வெளிச்சமும் கேமராவும் முன்னால் இருக்க, 'அன்னைக்கு என்ன நடந்ததுன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுங்கம்மா' என்று கேட்டால், யாருக்கும் நாலு விஷயம் முன்பின்னாக வரத்தான் செய்யும். வீட்டில் வைத்துச் சொன்னால் அது மறதி. கோர்ட்டில் அதற்குப் பேர் முரண்பாடு.

அதனால் முதல் வேலையாக அந்த ஐந்தாவது ஆளின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். வாரண்ட் உயிரோடு இருக்கிறதா, அவன் இறந்துபோனதாக அறிக்கை ஏதும் வந்திருக்கிறதா என்பது தெரிய வேண்டும். அது தெரிகிற வரைக்கும் யாருக்கும் பேட்டி வேண்டாம். வழக்கு நிலுவையில்தான் இருக்கிறது என்றால், சம்பவத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். 'விசாரணை பாக்கி இருக்கு, அதைப் பத்திப் பேச மாட்டேன்' என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அண்ணன் எப்படிப்பட்ட மனிதர், அவர் போனபிறகு இந்த வீடு எப்படி ஓடியது, அண்ணி என்ன வேலைக்குப் போனார் என்பதை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். அது எந்த வழக்கையும் கெடுக்காது. பணமும் வாங்க வேண்டாம். பத்தாயிரம் ரூபாய் கைச்செலவுக்கு என்று கொடுத்திருந்தாலும், 'காசு வாங்கிக்கொண்டு கதை சொன்னீர்கள்' என்ற கேள்வி கூண்டில் வரும்.

அடுத்து, நிறுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுசாக நிறுத்துவது கஷ்டம். இதில் வழிகாட்டியாக நிற்கிற தீர்ப்பு நம் தமிழ்நாட்டிலிருந்து போனதுதான். ஆறு கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன் வரலாற்றை 'நக்கீரன்' வெளியிட இருந்தது. சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஒருவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது, ஆனால் நீதிமன்ற ஆவணங்கள் மாதிரிப் பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்றது அந்தத் தீர்ப்பு. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர்களின் அடையாளத்துக்கு மட்டும் அதிலும் விலக்கு. உங்கள் அண்ணனின் கொலை வழக்குத் தீர்ப்பு பொது ஆவணம். அதை வைத்து அவர்கள் படம் எடுக்கலாம்.

இறந்தவரின் அந்தரங்கத்தைக் குடும்பம் கேட்டு வாங்க முடியாதா என்றால், அதிலும் நம் ஹைகோர்ட் சாதகமாக இல்லை. ஜெயலலிதாவின் வாழ்க்கையை வைத்து எடுத்த படத்துக்கும் இணையத் தொடருக்கும் தடை கேட்டு அவருடைய அண்ணன் மகள் தீபா போட்ட வழக்கில், அந்தரங்க உரிமை ஆளோடு போய்விடுகிறது, வாரிசுக்கு வராது என்று 2021-ல் சொல்லிவிட்டார்கள். தன் மகளைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இந்திராணி முகர்ஜி பற்றிய தொடருக்கு 2024-ல் சி.பி.ஐ.யே தடை கேட்டது. விசாரணை நடந்துகொண்டிருந்த வழக்கு அது. மும்பை ஹைகோர்ட் நீதிபதிகள் தொடரைப் பார்த்துவிட்டு வெளியிடலாம் என்றார்கள்.

உங்கள் கையில் இருப்பது வேறு. தீர்ப்பில் இல்லாததைச் சொல்லி, உங்கள் அண்ணனும் ஒரு ரவுடிதான், இது இரண்டு கூட்டத்துச் சண்டை என்று காட்டினால், இறந்தவரைப் பற்றிய அவதூறாகக் குடும்பம் வழக்குப் போடலாம். அந்த வழி சட்டத்திலேயே இருக்கிறது. இந்தத் தொடர்களில் இப்படி நடப்பதும் உண்டு. தலைவனின் கதை விறுவிறுப்பாக இருக்க எதிரில் ஒரு எதிராளி வேண்டும். மாமூல் கொடுக்க மறுத்த தேங்காய் வியாபாரி அதற்குப் போதாது. அதனால் அவர்கள் உங்களிடம் எதையும் கேட்டு முடிக்கும் முன்னால், நீங்கள் ஒரு கடிதம் அனுப்புங்கள். ஐந்தாம் எதிரி மீது வழக்கு நிலுவையில் இருக்கிறது, மகள் மைனர், அவள் பெயரோ முகமோ வீடோ வரக்கூடாது, தீர்ப்பில் சொன்னதைத் தாண்டி இறந்தவரைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. இந்த விஷயங்களை மட்டும் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தொடர் வந்து பிரச்சினை என்றால், அந்த ஓடிடியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதலாம். 2021-ன் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி 15 நாளில் அவர் பதில் சொல்ல வேண்டும். முன்பே எழுதிய கடிதம் கையில் இருந்தால் அப்போது நிறைய உதவும்.

இனி அந்த ஓய்வுபெற்ற அதிகாரி. அவர் நல்லவராகவே இருக்கலாம், உயிரைப் பணயம் வைத்து அவனைப் பிடித்தும் இருக்கலாம். ஆனால் போலீஸ் சொல்கிற கதை போலீஸ் பக்கத்துக் கதை. வீரப்பன் விஷயத்தில் இதை நாம் எல்லாரும் பார்த்தோம். 2004 அக்டோபர் 18-ம் தேதி பாப்பாரப்பட்டி அருகே அதிரடிப்படை அவனைச் சுட்டு வீழ்த்திய கதையைக் கேட்காதவர் இல்லை. அதே அதிரடிப்படையால் சித்திரவதைப்பட்ட மலைக்கிராம மக்களுக்காகத் தேசிய மனித உரிமை ஆணையம் ஓய்வுபெற்ற நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு போட்டதும், 2007-ல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் தரச் சொன்னதும் எத்தனை பேருக்குத் தெரியும்? காட்டையும் துப்பாக்கியையும் ட்ரோனில் காட்டினால் பார்க்க ஆள் வருகிறது. அடிபட்டு முடங்கியவரின் வீட்டுத் திண்ணையை அந்த அளவுக்கு யாரும் காட்டுவதில்லை.

உங்கள் அண்ணன் மகளுக்கும் ஒன்றைச் சொல்லிவையுங்கள். இந்தத் தொடர்களில் 'அவனே என்கிட்ட ஒத்துக்கிட்டான்' என்று அதிகாரி சொல்கிற இடம்தான் பெரிய கட்டமாக இருக்கும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் கோர்ட்டில் எதிரிக்கு எதிராக நிரூபிக்க முடியாது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதுதான் சட்டம், புதுச் சட்டத்திலும் மாறவில்லை. அவள் அப்பாவைக் கொன்றவர்களை உள்ளே வைத்தது அதிகாரியின் துணிச்சல் மட்டும் இல்லை. அவளுடைய அத்தை கூண்டில் நின்று சொன்ன வார்த்தையும் சேர்ந்துதான். இதை அவளிடம் யாராவது சொல்லியிருக்கிறீர்களா?

சாதியின் பேரில் கொல்லப்பட்ட இளைஞர் கோகுல்ராஜின் கொலை வழக்கு விசாரணை நம் மதுரை சிறப்பு நீதிமன்றத்துக்குத்தான் மாறி வந்தது. முதல் எதிரி தலைமறைவாக இருந்த நாட்களில் அவர் பேசிய ஆடியோ வாட்ஸ்ஆப்பில் ஊர் ஊராகப் பரவியது. பையன்கள் அதைப் பெருமையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டில் வழக்குக்குப் பெரிய பலமாக நின்றது திருச்செங்கோடு கோயில் கண்காணிப்புக் கேமராவின் சத்தமில்லாத பதிவு. 2022 மார்ச்சில் 10 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. எந்தக் குரல் பரவுகிறது, எது நிற்கிறது என்பதைப் பதினேழு வயதுப் பெண்ணுக்குப் புரியவைக்க நம் ஊரிலேயே இப்படி ஒரு உதாரணம் இருக்கிறது.

சரி, அந்த நாலு பக்கப் பத்திரத்துக்கு வருகிறேன். நான் பார்த்தவரை இந்தப் பத்திரங்கள் எல்லாம் ஒரே அச்சுத்தான். உங்கள் பெயர், முகம், குரல், நீங்கள் கொடுக்கும் படங்கள் எல்லாவற்றையும் எக்காலத்துக்கும், உலகம் முழுவதும், இன்று இருக்கிற, இனிமேல் வரப்போகிற எல்லா ஊடகங்களிலும் பயன்படுத்தலாம் என்று ஒரு பத்தி இருக்கும். வெட்டலாம், ஒட்டலாம், நடிகர்களை வைத்து நடித்துக் காட்டலாம் என்று இன்னொரு பத்தி. எதற்காகவும் வழக்குப் போட மாட்டேன் என்று கடைசியில் ஒன்று. 'சும்மா ஃபார்மாலிட்டிதாம்மா' என்பார்கள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது எப்படிப் படிப்பீர்களோ, அப்படிப் படிக்க வேண்டிய தாள் அது.

தமிழில் கேளுங்கள். தராவிட்டால் கையெழுத்து இல்லை. வீட்டில் வைத்துப் பார்க்க ஒரு வாரம் கேளுங்கள். பேனாவை எடுத்து அடிக்க வேண்டியதை அடித்து, பக்கத்தில் இரண்டு தரப்பும் சுருக்கொப்பம் போடலாம். அச்சடித்த தாள் என்பதால் அதை மாற்றக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. பிணக்கூறாய்வுப் படமும் சம்பவ இடத்துப் படமும் வரக்கூடாது என்பதை நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் எழுதுவேன். வெட்டும் காட்சியை நடித்துக் காட்டக்கூடாது என்பது இரண்டாவது. உங்கள் அம்மா சொன்னாரே, 'மறுபடியும் வெட்ட விடாதீங்க' என்று, அந்த வார்த்தையைச் சட்ட பாஷையில் எழுதினால் இந்த இரண்டு நிபந்தனைகளும்தான் வரும். வெளியிடும் முன் உங்கள் பகுதியை உங்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்றும் கேளுங்கள். மாற்றச் சொல்லும் உரிமையைப் பெரும்பாலும் தர மாட்டார்கள். ஆனால் காட்டுகிறோம் என்று ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எதற்கும் ஒத்துவராதவர்கள் என்றால், அவர்கள் உங்களைத் தேடி வந்தது எதற்கு என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆபத்து பற்றிய கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். முகத்தை மறைத்து, குரலை மாற்றிக் காட்டுகிறோம் என்பார்கள். சோழவந்தான் பக்கம் யாருக்கும் முகம் தேவையில்லை. பின்னால் தெரிகிற கொடிக்காலையும் கிணற்றுமேட்டையும் வைத்தே எந்த வீடு என்று சொல்லிவிடுவார்கள். எனவே பேசுவதாக இருந்தாலும் வீட்டில் வேண்டாம், மதுரையில் எங்காவது வைத்துப் பேசுங்கள். யாராவது மிரட்டினால், அது போனில் வந்த ஒரு வார்த்தையாக இருந்தாலும், எழுத்தில் புகார் கொடுங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கேட்டு மனுப் போடலாம். போலீஸிடம் அறிக்கை வாங்கி அவர்கள் முடிவு செய்வார்கள்.

எனக்கு மனசில் அதிகம் தங்கிவிட்டவள் அந்தப் பெண்தான். மூன்று வயதில் அப்பாவை இழந்தவளுக்கு அவர் முகம் ஞாபகத்தில் இருக்காது. வீட்டில் அழுகை வந்துவிடும் என்று யாரும் அவரைப் பற்றிப் பேசியும் இருக்க மாட்டீர்கள். அவள் ராத்திரி போனில் தேடுவது குற்றவாளிகளையா, அப்பாவையா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அந்த மாதிரிக் கதைகளில் கொலையாளிக்குக் குழந்தைப் பருவம் இருக்கும், அம்மா இருப்பார், காதல் இருக்கும், கோபத்துக்குக் காரணம் இருக்கும். செத்தவருக்கு ஒரு போட்டோதான் இருக்கும். அந்த இடத்தை நான் நிரப்புகிறேன் என்று அவள் சொல்கிறாள் போலிருக்கிறது. அது நியாயமான ஆசை. திட்டாதீர்கள், போனையும் பிடுங்காதீர்கள்.

ஆனால் கேமரா முன்னால் இப்போது வேண்டாம். பதினெட்டு ஆகாதவளின் கையெழுத்து செல்லாது, அம்மாதான் போட வேண்டும். ப்ளஸ் டூ பரீட்சை வருஷம் வேறு. முக்கியமாக, அவள் அப்பாவைப் பற்றி இப்போது அவளுக்கு என்ன தெரியும்? யாரோ ஒரு இயக்குநரின் கேள்விக்குப் பதிலாக அவள் முதல்முறை அப்பாவைத் தெரிந்துகொள்ள வேண்டாம். அப்பத்தாவை உட்கார வையுங்கள். பேத்தி அதே போனில் குரல்பதிவைப் போட்டுக்கொண்டு கேட்கட்டும். அப்பா எந்தத் தோப்பில் காய் எடுப்பார், காயைத் தட்டிப் பார்த்தே பருப்பு எப்படி என்று சொல்வாரா, யாருக்குக் கடன் விட்டார், இவள் பிறந்தபோது என்ன செய்தார். அழுதால் அழுதுகொள்ளட்டும்.

தீர்ப்பைப் படிக்க வேண்டும் என்று கேட்டாலும் படிக்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் நீங்கள் முதலில் படியுங்கள். எந்தக் கொலை வழக்குத் தீர்ப்பிலும் டாக்டரின் சாட்சியம் வரும் இடத்தில் காயங்களை எண் போட்டு, நீளம் அகலம் ஆழம் சென்டிமீட்டரில் எழுதியிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு தாளை மடித்து வைத்துவிட்டு, இதைத் தாண்டிப் படி என்று சொல்லிக் கொடுங்கள். அவளே ஒருநாள் அதையும் படிப்பாள், அப்போது பக்கத்தில் இருங்கள்.

ஆல்பத்தை எந்தக் காரணத்துக்கும் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். இரண்டு நாள் என்று வாங்கிப்போன ஆல்பங்கள் வருஷக்கணக்கில் திரும்பாத வீடுகள் எனக்குத் தெரியும். கொடுப்பதாக முடிவு செய்தால், நீங்களே கூடப் போய் ஒரு கடையில் ஸ்கேன் எடுத்து, எந்தப் படம் என்று நீங்களே பொறுக்கி, இரண்டோ மூன்றோ மட்டும் கொடுங்கள். நீங்கள் காசு கொடுத்து ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்த கல்யாணப் படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்குத்தான். எந்தப் படத்தை, இந்தத் தொடருக்கு மட்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அண்ணியும் மகளும் நிற்கிற படங்களை ஆல்பத்திலேயே விட்டுவிடுங்கள்.

வாரண்ட் நிலையைப் பார்க்க, மதுரை அண்ணா பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மாவட்ட நீதிமன்றத்தில் உங்களுக்குத் தெரிந்த வக்கீல் யார் மூலமாகவும் விசாரிக்கலாம், என்னிடம் வந்தாலும் சரி. வழக்கு எண் ஞாபகம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போலீஸ் ஸ்டேஷன் பெயரும் வருஷமும் இருந்தால் போதும். வரும்போது அந்த நாலு பக்கத் தாளையும் எடுத்து வாருங்கள். அண்ணியையும் கூட்டி வாருங்கள். கடிதம் முழுக்க எல்லாரும் ஏதோ ஒன்று சொல்கிறார்கள், அவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. மகளுக்காகக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று சட்டப்படி முடிவு செய்ய வேண்டியவர் அவர். அவரிடம் யாராவது தனியாக உட்கார்ந்து கேட்டீர்களா?